கரண்ட் பில்லுக்கு விலை போடுவது யார்?
மின்சாரம், தொலைபேசிக் கம்பனிகளை அரசாங்கம் கண்காணிப்பது பற்றி ஒரு பாடம்



சில காலத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஓர் அக்கா இரண்டு மின்சாரப் பட்டியல்களைக் கொண்டுவந்து எம்மிடம் நீட்டினார். "இதப் பாருங்க. போன மாசம் 58 யூனிட்டு. இந்த மாசம் 64 யூனிட்டு. ஆறே ஆறு யூனிட்டுதான் கூட. ஆனா பில்லு ரெண்டு மடங்குக்கு மேல வந்திருக்கு. மீட்டர் பாக்க வந்தவர் ஏதோ பிழையா எழுதிட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த தலைவர், "கரண்ட்காரன் சொல்றதுதான் கணக்கு. கட்டாட்டி வெட்டிருவான். நாம என்னா செய்ய முடியும்?" என்றார்.

நாங்கள் அந்தப் பில்களை அங்கேயே மேசையில் வைத்துக் கணக்குப் போட்டோம். மீட்டரில் பிழை இல்லை. எழுதியவரிடமும் பிழை இல்லை. கணக்கு ஒரு விதியின்படி சரியாகவே இருந்தது. அந்த விதி என்ன என்பதை அந்த அக்காவுக்கு அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. அதை யார் போட்டார்கள், யாரிடம் கேட்டுப் போட்டார்கள் என்பதும் தெரியாது. "கரண்ட்காரன் சொல்றதுதான் கணக்கு" என்று தலைவர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. கரண்ட்காரனுக்கும் கணக்குக் கேட்கும் ஓர் இடம் நாட்டில் இருக்கிறது. இம்முறைப் பாடம் அதைப் பற்றியதுதான்.

ஒரே ஒரு கடை உள்ள இடம்

டவுனில் மரக்கறிக் கடைகள் பல இருக்கின்றன. ஒரு கடையில் லீக்ஸ் விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். கடைக்காரரும் அதை அறிவார். ஆகவே கண்டபடி விலையை ஏற்ற மாட்டார். இங்கே போட்டியே ஒரு காவல்காரன்.

மின்சாரம் அப்படியல்ல. உங்கள் லயத்துக்கு ஒரு கம்பிதான் வருகிறது. அது பிடிக்கவில்லையென்று இன்னொரு கம்பனியின் கம்பிக்கு மாற முடியாது. இன்னொரு கம்பனி வந்து மலையெல்லாம் மறுபடி தூண் நட்டு, மறுபடி கம்பி இழுத்து, மறுபடி டிரான்ஸ்போமர் வைத்தால் செலவு இரட்டிப்பாகும். அந்த இரட்டிப்புச் செலவும் கடைசியில் எமது பில்லில்தான் வந்து விழும். ஆகவே இப்படியான சேவைகளில் ஓர் இடத்துக்கு ஒரு கம்பனி இருப்பதே மலிவு. குழாய்த் தண்ணீரும் அப்படித்தான். முன்பு கம்பி இழுத்த தொலைபேசியும் அப்படியே இருந்தது.

ஆனால் ஒரே கடை என்றால் ஆபத்தும் உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒரே கடை இருந்தபோது, கடைக்காரர் துண்டில் எழுதியதே விலையாக இருந்ததை எமது தாத்தா, பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டாவது கடை வைக்கவும் முடியாது, முதல் கடையைத் தன் இஷ்டத்துக்கு விடவும் முடியாது என்றால் என்ன செய்வது? அந்தக் கடையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரம் உள்ள ஒருவரை வைக்க வேண்டும். "உன் செலவு இவ்வளவு, உனக்கு நியாயமான இலாபம் இவ்வளவு, இதற்கு மேல் வாங்காதே" என்று அவர் சொல்ல வேண்டும். இதைத்தான் ஒழுங்குபடுத்தல் என்கிறோம். அதைச் செய்யும் சபைக்குப் பெயர் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு.

இந்த யோசனை எங்கே வளர்ந்தது?

அமெரிக்காவில் இது வளர்ந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். அங்கே இல்லினோய் மாநிலத்தில் விவசாயிகள் தங்கள் தானியத்தைச் சிக்காகோ நகரின் பெரிய களஞ்சியங்களில் வைத்துத்தான் விற்க வேண்டியிருந்தது. களஞ்சியக்காரர்கள் சில பேர்தான். அவர்கள் கேட்ட வாடகையைக் கொடுக்காமல் தானியம் நகராது. மாநில அரசு வாடகைக்கு ஓர் உச்ச அளவு விதித்தது. "எங்கள் சொத்து, எங்கள் விலை" என்று களஞ்சியக்காரர்கள் வழக்குப் போனார்கள். 1877இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பொதுமக்கள் எல்லோரும் தங்கியிருக்கும் ஒரு தொழிலைச் செய்பவர், பொது நன்மைக்காக அரசு போடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும் என்பதே அதன் சாரம்.

அடுத்தது தொலைபேசி. 1890களில் பெல் கம்பனியின் முதல் காப்புரிமைகள் முடிந்ததும் பல ஊர்களில் இரண்டாவது தொலைபேசிக் கம்பனிகள் முளைத்தன. போட்டி வந்ததால் விலை குறைந்தது. ஆனால் ஒரு கம்பனியின் தொலைபேசியிலிருந்து மற்றக் கம்பனியின் தொலைபேசிக்குப் பேச முடியாது. ஆகவே கடைக்காரர்கள் மேசையில் இரண்டு தொலைபேசி வைத்து இரண்டு பில் கட்டினார்கள். போட்டி மட்டும் இருந்தால் போதாது, கம்பனிகளை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பது அப்போது தெரிந்தது.

1907இல் நியூயோர்க், விஸ்கொன்சின் ஆகிய மாநிலங்கள் மின்சாரம் போன்ற சேவைக் கம்பனிகளைக் கண்காணிக்க ஆணைக்குழுக்களுக்கு அதிகாரம் கொடுத்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் மற்ற மாநிலங்களும் அதே வழியில் போயின.

இங்கே கவனிக்க ஒரு விஷயம் உண்டு. இப்படி ஓர் ஆணைக்குழு வேண்டும் என்று கேட்டது மக்கள் மட்டுமல்ல. சிக்காகோவில் மின்சாரக் கம்பனி நடத்திய சாமுவேல் இன்சல் என்பவர் 1898இலேயே அதைக் கேட்டார். ஏன்? விலைக்குக் கட்டுப்பாடு வந்தால் கூடவே "இந்த ஊர் உனக்கு மட்டும்" என்ற பாதுகாப்பும் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஆணைக்குழு என்பது மக்களுக்கு மட்டும் காவல் அல்ல, கம்பனிக்கும் ஒரு குடை. அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மக்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்காமல் விட்டால் வேலியே பயிரை மேயும்.

எமது நாட்டில் மின்சாரம்

மலைநாட்டு மக்களாகிய எமக்கு மின்சாரம் அந்நியமானதல்ல. நோட்டன் பிரிஜ், லக்சபான, காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை எல்லாம் எமது பக்கத்து ஊர்கள். லக்சபான மின்நிலையம் 1950இலும், கொத்மலை 1985இலும், தலவாக்கலையில் அணை கட்டிய மேல் கொத்மலை 2012இலும் வேலை தொடங்கின. இந்த மலைகளில் பெய்த மழைதான் கொழும்பில் விளக்காக எரிகிறது. மழை நன்றாகப் பெய்தால் மின்சாரம் மலிவாக உண்டாகும். மழை பொய்த்தால் நிலக்கரியும் எண்ணெயும் எரிக்க வேண்டும், செலவு ஏறும்.

இலங்கை மின்சார சபை 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. மின்சாரத்தை உண்டாக்குவது, கொண்டுபோவது, விற்பது எல்லாவற்றையும் நெடுங்காலம் பெரும்பாலும் அதுவே செய்தது. 1983இல் தனியாக உருவான லெக்கோ கம்பனி கரையோரத்துச் சில நகரங்களுக்கு மட்டும் விநியோகம் செய்தது.

2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வந்த பிறகே மின்கட்டணத்தை அங்கீகரிக்கும் அதிகாரம் அதன் கைக்கு வந்தது. பின்னர் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையின் வேலைகளைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிப்பதற்கு வழி செய்தது. அந்தச் சட்டம் 2025இல் திருத்தப்பட்டது. உங்கள் பில்லின் தலைப்பில் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும், விலையை அந்தக் கம்பனி தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும்.

அது நடக்கும் முறை இதுதான். விநியோகம் செய்பவர் "எமக்கு இவ்வளவு செலவு, ஆகவே இவ்வளவு விலை வேண்டும்" என்று கணக்கோடு விண்ணப்பிக்கிறார். ஆணைக்குழு அந்தக் கணக்கைச் சோதிக்கிறது. பின் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், கூட்டத்துக்குப் போய் வாயாலும் சொல்லலாம். கூட்டங்கள் கொழும்பில் மட்டுமல்லாமல் மாகாணங்களிலும் நடந்திருக்கின்றன. அதன் பிறகுதான் தீர்மானம்.

30 யூனிட் குடும்பத்தின் கதை

இதெல்லாம் பெரிய ஆட்கள் விஷயம் என்று நினைக்க வேண்டாம். மாதம் 30 யூனிட் மட்டும் எரிக்கும் ஒரு சின்னக் குடும்பத்தின் பில் எப்படி ஏறி இறங்கியது என்று பாருங்கள். வரி சேர்க்காத கணக்கு இது.

2022 ஓகஸ்ட்டுக்கு முன்: யூனிட் 2.50 ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா.
2022 ஓகஸ்ட்: யூனிட் 8 ரூபா, நிலையான கட்டணம் 120 ரூபா. மொத்தம் 360 ரூபா.
2023 பெப்ரவரி: யூனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,300 ரூபா.
2024 ஜூலை: யூனிட் 6 ரூபா, நிலையான கட்டணம் 100 ரூபா. மொத்தம் 280 ரூபா.
2025 ஜனவரி: யூனிட் 4 ரூபா, நிலையான கட்டணம் 75 ரூபா. மொத்தம் 195 ரூபா.
2025 ஜூன்: யூனிட் 4.50 ரூபா, நிலையான கட்டணம் 80 ரூபா. மொத்தம் 215 ரூபா.

105 ரூபா ஏழு மாதத்துக்குள் 1,300 ரூபாவானது. ஏன்? 2022இல் நாட்டில் டொலர் இல்லை, எண்ணெய் இல்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பல ஆண்டுகளாகச் செலவுக்குக் குறைந்த விலையில் விற்று மின்சார சபை நட்டத்தில் இருந்தது. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் தொடங்கிய திட்டமும், செலவுக்கு ஏற்ற விலை வேண்டும் என்றது.

செலவு உண்மைதான். ஆனால் அந்தச் செலவை யார் தலையில் எவ்வளவு ஏற்றுவது என்பது வேறு கேள்வி. 2023 பெப்ரவரி உயர்வு சராசரியாக 66 வீதம் என்று சொல்லப்பட்டது. ஆனால் 30 யூனிட் குடும்பத்துக்கோ 360 ரூபா 1,300 ரூபாவானது. அது மூன்றரை மடங்குக்கும் மேல். "சராசரி" என்ற சொல்லைக் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். "அது சரி, எமது வீட்டுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

ஆணைக்குழு தலையாட்டிய நாளும் மறுத்த நாளும்

2023 பெப்ரவரி உயர்வை ஆணைக்குழுவின் அன்றைய தலைவர் ஜனக ரத்நாயக்க எதிர்த்தார். மற்ற உறுப்பினர்கள் அங்கீகரித்தார்கள், உயர்வு நடந்தது. அதே ஆண்டு மே 24ஆம் திகதி அவரைப் பதவியிலிருந்து நீக்கும் பிரேரணை பாராளுமன்றத்தில் 123க்கு 77 வாக்குகளால் நிறைவேறியது. அவர் செய்தது சரியா பிழையா என்று பலரும் பலவிதமாகப் பேசினார்கள். அந்த வழக்குக்குள் நாம் போகவில்லை. பாடத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: விலையைக் கண்காணிப்பவரின் நாற்காலியும் அரசியல் காற்றில் ஆடக்கூடியது.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலையை மாற்றத் தேவையில்லை என்றுதான் மின்சார சபை கேட்டிருந்தது. ஆணைக்குழு கணக்கைப் பார்த்து, ஜனவரி 17ஆம் திகதி முதல் சராசரியாக 20 வீதம் குறைக்கச் சொன்னது. 2025 ஜூனில் சபை 18.3 வீத உயர்வு கேட்டது, ஆணைக்குழு 15 வீதம் கொடுத்தது. 2025 ஒக்டோபரில் 6.8 வீத உயர்வு கேட்கப்பட்டது, ஆணைக்குழு அதை நிராகரித்தது.

ஆகவே கேட்டது எல்லாம் கிடைப்பதில்லை. கணக்குப் பார்க்க ஓர் ஆள் இருந்தால் 20 வீதம் இறங்கவும் செய்யும்.

தொலைபேசி: வேறு விதமான காவல்

உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஓர் அவசரச் செய்தி என்றால் தபால் கந்தோருக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் துரை பங்களாவிலோ தோட்டக் கந்தோரிலோ கெஞ்ச வேண்டும். வீட்டுக்குத் தொலைபேசி கேட்டு விண்ணப்பித்தவர்கள் டவுனிலேயே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம், சேவை நடத்தும் வேலையை அரசாங்கத் திணைக்களத்திலிருந்து பிரித்து ஸ்ரீ லங்கா டெலிகொம் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்தது. கண்காணிக்கும் வேலை தனியாக வைக்கப்பட்டது. விளையாடுபவரும் நடுவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதே இதன் கருத்து. 1996இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வந்தது. 1997இல் டெலிகொம்மின் 35 வீதப் பங்கு ஜப்பானின் என்.டி.டி. கம்பனிக்கு விற்கப்பட்டது. இதற்கிடையே செல்டெல் 1989இலும் டயலொக் 1995இலும் கையடக்கத் தொலைபேசிச் சேவை தொடங்கின. கம்பியில்லாமல் வீட்டுக்குத் தொலைபேசி கொடுக்க சன்டெல், லங்கா பெல் ஆகிய கம்பனிகளும் வந்தன.

கம்பி தேவையில்லாமல் போனதும் பல கம்பனிகள் ஒரே மலையில் கோபுரம் நடலாம் என்றானது. போட்டி வந்தது. விலை எவ்வளவு இறங்கியதென்றால், 2010இல் ஆணைக்குழு "இதற்குக் கீழே விற்காதே" என்று ஓர் அடிமட்ட விலையே போட்டது. இது ஏன் என்று கேட்பீர்கள். நட்டத்துக்கு விற்று, சின்னக் கம்பனிகள் விழுந்து, கடைசியில் ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சினால் அவை நினைத்த விலை வைக்கும் என்ற பயம் அதற்குச் சொல்லப்படும் நியாயம். மலிவாகக் கிடைப்பதை ஏன் தடுக்க வேண்டும் என்பது மறு பக்கத்து நியாயம். இரண்டிலும் பொருள் இருக்கிறது. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்கோடு சேர்ந்தது. கம்பனிகளின் எண்ணிக்கை குறையும்போது கண்காணிப்பவரின் வேலை கூடுகிறது.

தொலைபேசியில் ஆணைக்குழுவின் முக்கிய வேலைகள் இவை: அனுமதிப்பத்திரம் கொடுப்பது, வானலைகளைப் பங்கிடுவது, ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு அழைப்புப் போக இணைப்பை ஒழுங்கு செய்வது, கட்டணங்களை அங்கீகரிப்பது, பாவனையாளரின் முறைப்பாடுகளை விசாரிப்பது. கேட்காத சேவைக்கு ரீலோட் காசு வெட்டுப்படுகிறதா? முதலில் கம்பனியிடம் சொல்லி அந்தச் சேவையை நிறுத்துங்கள். அவர்கள் கேட்காவிட்டால் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அதற்கு சிம் உங்கள் பெயரில் இருப்பது நல்லது. கடைக்காரரின் பெயரிலோ, கொழும்பில் வேலை செய்யும் மச்சானின் பெயரிலோ இருந்தால், முறைப்பாடு செய்யும்போது "நீங்கள் யார்?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

இனி அந்த அக்காவின் பில்

2025 ஜூனில் போட்ட விலைகளை வைத்துப் பார்ப்போம். விலை பிறகு மாறினாலும் கணக்குப் போடும் முறையை விளங்கிக்கொண்டால் போதும்.

மாதம் 60 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு முதல் 30 யூனிட் 4.50 ரூபா, அடுத்த 30 யூனிட் 8 ரூபா. 31 முதல் 60 வரை போனால் நிலையான கட்டணம் 210 ரூபா. ஆனால் 60ஐத் தாண்டிவிட்டால் மலிவு விலை போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே 60 யூனிட்டுக்கும் 12.75 ரூபா, 61 முதல் 90 வரை 18.50 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா.

58 யூனிட்: முதல் 30க்கு 135 ரூபா, அடுத்த 28க்கு 224 ரூபா, நிலையான கட்டணம் 210 ரூபா. மொத்தம் 569 ரூபா.
64 யூனிட்: 60க்கு 765 ரூபா, மிச்சம் 4க்கு 74 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,239 ரூபா.

ஆறு யூனிட்டுக்கு 670 ரூபா! அந்த அக்காவின் வீட்டில் அந்த மாதம் மழை பிடித்திருந்தது. மகளின் பள்ளிக்கூட உடுப்பை அயன் பண்ணியே காய வைத்திருக்கிறார்கள். 60 என்ற படியில் கால் தடுக்கிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னும் பெரிய விஷயம் ஒன்று. எமது பல லயங்களில் இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருக்கிறது. அண்ணன் வீட்டுக்கு மீட்டர், தம்பி வீட்டுக்கு அங்கிருந்து வயர். இதில் எவ்வளவு நட்டம் என்று பாருங்கள். ஒவ்வொரு வீடும் 40 யூனிட் எரிப்பதாக வைப்போம்.

தனித்தனி மீட்டர்: ஒரு வீட்டுக்கு 135, 80, 210, ஆக 425 ரூபா. இரண்டு வீட்டுக்கும் 850 ரூபா.
ஒரே மீட்டர்: 80 யூனிட். 765, 370, 400, ஆக 1,535 ரூபா.

அதே விளக்கு, அதே டீ.வீ., ஆனால் மாதம் 685 ரூபா கூட. வருடத்துக்கு 8,220 ரூபா. "யாரு கூட எரிச்சது?" என்று அண்ணன் தம்பிக்குள் வரும் மனஸ்தாபம் வேறு. வறியவர்களுக்கென்று போட்ட மலிவு விலை, மீட்டர் இல்லாத ஒரே காரணத்தால் வறியவர் கைக்கு வராமல் போகிறது. தோட்டத்து வீட்டுக்குப் பலரிடம் உறுதி இல்லை. ஆகவே புது மீட்டர் கேட்கும்போது தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலச் சம்மதம் தேவைப்படும். ஒரு குடும்பம் தனியாக அலைவதை விட, லயத்தில் உள்ள எல்லோரும் சேர்ந்து தலைவர் மூலமாக ஒரே கடிதத்தில் கேட்பது நல்லது. வயர் இழுத்த வீடுகளில் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறையும்.

நாம் செய்யக்கூடியவை

1. பில்லை எறியாதீர்கள். ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள். மாதா மாதம் மீட்டர் எண்ணை நீங்களும் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். கணக்கும் பழகும், காசும் மிஞ்சும்.

2. பில்லில் உள்ள இரண்டு திகதிகளைப் பாருங்கள். எத்தனை நாளுக்கான பில் அது? முப்பது நாளுக்குக் கூடுதலாக இருந்தால், யூனிட் படிகள் அந்த நாட்களுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டனவா என்று கேளுங்கள்.

3. மீட்டர் பிழை என்று சந்தேகம் வந்தால் அதைப் பரிசோதிக்கும்படி விநியோக அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பில் கட்டிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

4. சிவப்பு அறிவித்தல் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். முழுதும் கட்ட முடியாவிட்டால் உடனே அலுவலகத்துக்குப் போய்த் தவணை முறை கேளுங்கள். வெட்டிய பிறகு மறுபடி இணைக்கவும் காசு கட்ட வேண்டும்.

5. அலுவலகத்தில் தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். விலாசம்: 6ஆம் மாடி, இலங்கை வங்கி மேர்ச்சன்ட் டவர், 28, சென் மைக்கல்ஸ் வீதி, கொழும்பு 3. தொலைபேசி பற்றிய முறைப்பாடென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8.

6. தமிழில் எழுதுங்கள். அரசாங்க நிறுவனத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு எமக்கு உரிமை தருகிறது. சிங்களமோ ஆங்கிலமோ தெரியாது என்பதற்காக யாரும் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

7. கட்டண மாற்றத்துக்குக் கருத்துக் கேட்டு அறிவித்தல் வந்தால், சங்கக் கூட்டத்தில் பேசி ஒரு கடிதம் அனுப்புங்கள். பெரிய ஹோட்டல்காரரும் தொழிற்சாலைக்காரரும் தங்கள் கணக்கோடு போகிறார்கள். லயத்துக் குடும்பத்தின் கணக்கை நாம்தான் கொண்டுபோக வேண்டும். "60 யூனிட்டில் படி இவ்வளவு செங்குத்தாக இருக்கலாமா? ஒரே மீட்டரில் உள்ள இரண்டு குடும்பத்தை ஒரு குடும்பமாகக் கணக்கிடுவது நியாயமா?" என்று கேட்பதற்கு வக்கீல் தேவையில்லை. மேலே போட்ட கணக்கு இருந்தால் போதும்.

கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

உங்கள் லயத்தில் எத்தனை வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறது? ஒரே மீட்டரில் உள்ள வீடுகள் எத்தனை? கடந்த மூன்று மாதத்தில் 60 யூனிட்டைத் தாண்டிய வீடுகள் எவை, எதனால்? மீட்டர் எண்ணை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? மின்கட்டணம் பற்றிக் கருத்துச் சொல்ல உங்கள் தோட்டத்திலிருந்து இதுவரை யாராவது போயிருக்கிறார்களா?

அன்று அந்த அக்கா பில்லை மடித்துக்கொண்டே, "அப்ப மீட்டர்காரரை ஏசினது பிழைதான். ஆனா இந்தக் கணக்கைப் போட்டவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" என்றார். தலைவர் சிரித்துக்கொண்டே, "கடுதாசி எழுதுவோம், நீங்கதான் மொதக் கையெழுத்து" என்றார். அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் போனபோது கடிதம் தயாராக இருந்தது. அதில் 31 கையெழுத்து. நான்கு பேர் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தார்கள்.